நடுங்காத கை

சுருளிவேலுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அவர் விசையை இழுத்தாரா, இல்லையா?

"மத்ததெல்லாம் பொறகு பேசிக்கலாம் மேடம். நான் இழுத்தேனா, மரமாட்டம் நின்னேனா, அத மட்டும் உங்க மெஷின்ல பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஜெயபாரதி வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். பிடியின் அடியில் விரல் நகம் அளவுக்கு ஒரு மூடி இருந்தது. அதைத் திறந்து, கையோடு கொண்டுவந்திருந்த கருவியின் வயரைச் செருகினாள்.

அவள் ஆயுதப் பூட்டு ஆய்வுப் பிரிவின் தொழில்நுட்ப அலுவலர். மாவட்டத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி எதனால் யாருக்குச் சேதம் வந்தாலும், அவசரத்துக்கு அது வெடிக்க மறுத்தாலும், நேரில் போய்ப் பூட்டின் பதிவைப் படித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. காலையில் திண்டுக்கல்லிலிருந்து ஜீப்பில் கிளம்பியவள், வளைவு வளைவாக ஏறிக் கீழ்ப்பழனி மலையிலிருக்கும் கருங்கானலுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்றாகிவிட்டது.

எட்டு நாளைக்கு முன், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வாழைத்தோட்டத்துக்குள் புகுந்த ஒற்றைக் காட்டுமாடு சுருளிவேலின் தம்பி தங்கமாயனைக் குத்திப் போட்டுவிட்டது. அண்ணன் இருபதடி தூரத்தில் துப்பாக்கியோடு நின்றிருந்தார். மாட்டைச் சுட வேண்டியதுகூட இல்லை, சுடவும் கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் போதும், திரும்பி ஓடிவிடும். அந்த ஒரு வெடி கேட்கவில்லை.

தங்கமாயனின் மனைவி ஈஸ்வரி, துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "கையில துப்பாக்கிய வச்சுக்கிட்டுச் சும்மா நின்னாரு." அண்ணன் தம்பிக்குள் நிலத்தைப் பிரிக்கிற தகராறு இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். அதனால் அவள் சொன்னதை யாரும் மறுத்துப் பேசவில்லை. சுருளிவேலும் மறுக்கவில்லை. அவருக்கு அந்த நேரம் நினைவிலேயே இல்லை. தம்பி கத்தியது நினைவிருந்தது. தம்பியைத் தூக்கியது நினைவிருந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

கருவியின் திரையில் வரிவரியாக எண்கள் வந்து நின்றன. ஜெயபாரதி இரண்டு முறை பார்த்தாள்.

"பதினோரு தடவ இழுத்திருக்கீங்க."

"என்னது?"

"ஒம்பது செகண்டுல பதினோரு தடவ. ரெண்டு விசையையும் மாத்தி மாத்தி இழுத்திருக்கீங்க. பூட்டுதான் விடல."

சுருளிவேல் அப்படியே தரையில் குந்தினார். ஐம்பத்தைந்து வயது மனிதர். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு முதுகு குலுங்க அழுதார். அழுகைக்கு நடுவிலேயே அடுத்த வீட்டைப் பார்த்து, "ஈஸ்வரி! எம்மா ஈஸ்வரி! இங்க வந்து இவங்க சொல்றதக் கேட்டுட்டுப் போத்தா!" என்று கத்தினார்.

ஈஸ்வரி வந்தாள். ஜெயபாரதி அவளுக்கும் அதையே சொன்னாள். ஈஸ்வரி திரையையும் துப்பாக்கியையும் தரையில் குந்தியிருந்த கணவனின் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு மோரோடு வந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி போய்விட்டாள். எட்டு நாளாக அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே தண்ணீர்கூடப் புழங்கவில்லை என்பது பிறகுதான் ஜெயபாரதிக்குத் தெரிந்தது.

மோரைக் குடித்து முடித்ததும் அவர் நியாயமான கேள்வியைக் கேட்டார். "அப்ப ஏன் மேடம் விடல?"

"உங்க கை நடுங்கியிருக்கு. நாடி ரொம்ப வேகமா ஓடியிருக்கு, உள்ளங்கை வேர்த்திருக்கு. இந்த மூணையும் சேத்துப் பூட்டு ஒரு எண் போடும். அறுபதுக்கு மேல போனாத் திறக்காது. உங்களுக்குத் தொண்ணூத்தி மூணு."

"எந்தம்பிய மாடு குத்துறப்ப எங்கையி நடுங்காம வேற என்ன செய்யும்?"

"ஆத்திரத்துல ஒருத்தனச் சுடப் போறவன் கையும் அப்படித்தாங்க நடுங்கும். பூட்டுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

"பூட்டுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல?"

ஜெயபாரதி வயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைப்பதில் மும்முரமானாள்.

அவளுக்குத் தெரியாமலில்லை. ஆறு வருடத்துக்கு முன் சட்டம் வந்தபோது இதே கேள்வியைப் பலர் கேட்டார்கள். எல்லாத் துப்பாக்கியையும் வாங்கிப் பூட்டி வை என்றது ஒரு கூட்டம். அப்படியானால் பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் நீங்கள் வந்து காவல் இருங்கள் என்றார்கள் மலைக்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் நிதானப் பூட்டு. துப்பாக்கி உன்னிடமே இருக்கட்டும், நிதானத்தில் இருக்கும்போது மட்டும் அது உனக்குத் திறக்கும். யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை, யார் கையிலும் ஆபத்தைக் கொடுக்கவுமில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. எல்லையை எங்கே வைப்பது என்று முடிவு செய்த குழுவில் ஜெயபாரதி இருந்தாள். மற்றவர்கள் எழுபது என்றார்கள். அறுபதுக்கு இறக்கியவள் அவள்தான்.

அவளுக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினாறு வயதில், அருப்புக்கோட்டையில், பக்கத்து வீட்டு மாமா ஒருவர் சுவர்த் தகராறில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியதைப் பார்த்திருக்கிறாள். கண் சிவந்து, வாயில் எச்சில் தெறிக்க, உடம்பெல்லாம் ஆட அவர் கத்தினார். இரண்டு பேர் விழுந்தார்கள். ஆபத்து என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வரும். அந்தக் கை மட்டும் அன்று பூட்டப்பட்டிருந்தால் என்று நினைத்து நினைத்துத்தான் அவள் இந்தப் பூட்டின் மேல் பத்து வருடம் உழைத்தாள்.

மதியச் சாப்பாடு காபி விவசாயிகள் சங்கச் செயலாளர் பூரணலிங்கம் வீட்டில். மலைக்கு வருகிற அதிகாரிகள் எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. ஐம்பதை நெருங்குகிறவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. மெல்லிய குரலில், ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேசுகிறவர். சுருளிவேலுக்காக அவரே மனு எழுதிக் கொடுத்திருந்தார்.

"பாவம் மேடம். அவருக்குப் படபடப்பு ஜாஸ்தி. எனக்கும் லைசன்ஸ் இருக்கு, இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவகூட பூட்டு மறுத்ததில்ல. உங்க ஆபீஸ்லேர்ந்து போனுக்குப் பாராட்டே வந்திருக்கு" என்று கைபேசியைத் திறந்து காட்டினார். உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் எண்ணைத் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதியும் ஜெயபாரதி சொல்லிச் சேர்த்ததுதான்.

சாப்பிட்டுக் கை கழுவ அவள் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பூரணலிங்கத்தின் மனைவி கஸ்தூரி காலால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். பரிமாறும்போது ஒரு வார்த்தை பேசாதவள், இப்போது வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு வேகமாக வந்தாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரரு லைசன்ஸ நீங்க ரத்து பண்ண முடியுங்களா?"

"ஏம்மா, குடிப்பாரா?"

"இல்லீங்க."

"அடிப்பாரா?"

"கை ஓங்குனதே இல்லீங்க."

"பின்ன? கோவம் வருமா ரொம்ப?"

"அவருக்குக் கோவமே வராதுங்க மேடம்" என்றாள் கஸ்தூரி. சொல்லிவிட்டு, இது போதாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். "போன மாசம் எங்க நாயி அவரு செருப்பக் கடிச்சிருச்சு. ஒண்ணும் சொல்லல. தட்டுல சோறு வச்சாரு. அது தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல உக்காந்து தடவிக் குடுத்தாரு. பொறகு தூக்கிட்டுப் போயிக் கெணத்துல போட்டுட்டு வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு, டிவி பாத்தாரு."

ஜெயபாரதி அதைக் கேட்டாள். கேட்கவில்லை என்று பிற்பாடு ஒருநாளும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஆனால் மனம் முழுவதும் சுருளிவேலின் தொண்ணூற்று மூன்றில் இருந்தது. நாயைக் கொல்கிற மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்று தோன்றியது. மழை மேகம் கட்டுகிறது, இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்றும் தோன்றியது.

"பயப்படாதீங்கம்மா. அந்தத் துப்பாக்கியில பூட்டு இருக்கு. கெட்ட எண்ணத்தோட எடுத்தா அது திறக்காது."

"நெசமாவா மேடம்?"

"அதச் செஞ்சவங்கள்ல நானும் ஒருத்தி."

"நெசமா திறக்காதா?"

"நெசமாத்தான்."

கஸ்தூரி தலையாட்டிவிட்டு மிளகுப் பக்கம் போனாள். 

ஜீப் வரை வழியனுப்ப வந்த பூரணலிங்கத்திடம், ஏறுவதற்கு முன் ஜெயபாரதி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டம்மாவுக்குத் துப்பாக்கின்னா கொஞ்சம் பயம் போல சார். ஒருநாள் உக்கார வச்சுப் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுங்களேன்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னாள்.

"அப்படிங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று அவரும் சிரித்தார். "காட்டிடறேன் மேடம்."

ஊர் திரும்பியதும் அவள் இருபது பக்க அறிக்கை எழுதினாள். பயத்தில் நடுங்கும் கையையும் ஆத்திரத்தில் நடுங்கும் கையையும் ஒன்றாக எண்ணுவது தவறு; தோட்டக் காவலில் இருப்பவர்கள் வானத்தை நோக்கிப் பிடித்தால் எண் எதுவானாலும் பூட்டு திறக்க வேண்டும். துணை இயக்குநர் அருள்தாஸ் அதைப் புரட்டிப் பார்த்தார். "நியாயம்தான். அடுத்த குழுக் கூட்டத்துல வைக்கலாம்" என்று மேசையின் இடது ஓரத்தில் வைத்தார். அந்த ஓரத்திலிருந்து எந்தக் கோப்பும் சீக்கிரம் நகர்ந்ததில்லை.

கருங்கானலுக்குப் போய்வந்த நாற்பத்து நான்காம் நாள் காலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. சங்கச் செயலாளர் பூரணலிங்கம் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தவறுதலாக வெடித்து, சமையலறையில் நின்ற அவர் மனைவியின் இடது தோளில் பாய்ந்துவிட்டது. தோள் எலும்பு நொறுங்கிப் போயிற்று. குண்டு ஒரு சாண் தள்ளிப் பட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள். அவரே அவளைத் தூக்கிக் காரில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். வழி நெடுக அழுதார் என்று டிரைவர் சொன்னான்.

துப்பாக்கி அலுவலகத்துக்கு வந்தது. ஜெயபாரதி பதிவைத் திறந்தாள். வெடித்த அந்த நொடியில் பூரணலிங்கத்தின் எண் பதினான்கு.

"பதினாலா!" என்றார் அருள்தாஸ். "காபி குடிக்கிறப்பவே எனக்கு முப்பது காட்டுது. பதினாலுன்னா மனுஷன் அரைத் தூக்கத்துல இருந்திருக்கணும். சந்தேகமே இல்ல, விபத்துதான்."

சட்டமும் அப்படித்தான் சொன்னது. சுடும் நேரத்தில் ஒருவரின் மனம் எந்த நிலையில் இருந்தது என்பதற்குப் பூட்டின் எண்ணைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. பதினான்கு என்ற எண்ணோடு ஒருவன் கொலை செய்ய முயன்றான் என்று எந்த வக்கீல் வாதாடுவார்? போலீஸ் வழக்கை விபத்து என்று முடிக்கத் தயாராக இருந்தது. கஸ்தூரி வாக்குமூலத்தில் எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் ஜெயபாரதிக்கு மிளகுக் களத்தில் கஸ்தூரி சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்குக் கோவமே வராதுங்க மேடம்.

பூட்டின் நினைவில் ஒரு வருடத்துப் பதிவு இருக்கும். மறுத்த பதிவுகள் மட்டும்தான் அலுவலகத்துக்குத் தானாக வந்து சேரும். திறந்த பதிவுகளை யாரும் படிப்பதில்லை. திறந்ததில் பார்க்க என்ன இருக்கிறது? அவள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் துப்பாக்கியின் திறந்த பதிவுகளை முதலிலிருந்து வரிசையாக எடுத்தாள்.

பத்து மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பிறகு, ஒரு வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குப் பூட்டு திறந்திருக்கிறது. இரண்டு நிமிடம் துப்பாக்கி தோள் உயரத்தில் நிலையாக இருந்திருக்கிறது. விசை தொடப்படவில்லை. எண் நாற்பத்தொன்பது. மறுநாள், ஆறு நாற்பது. நாற்பத்தாறு. அதற்கு மறுநாளும் ஆறு நாற்பது. ஒருநாள் விடாமல், ஒரே உயரம், ஒரே திசை. நாற்பத்தொன்று, முப்பத்தாறு, முப்பத்தாறு, இருபத்தெட்டு. ஒரு மாதம் ஆனபோது இருபது. கடைசி வாரத்தில் பதினைந்துக்கும் பதினாறுக்கும் இடையில். வெடித்தது நாற்பத்து மூன்றாவது காலை.

ஆறு நாற்பதுக்குக் கஸ்தூரி அடுப்பில் பால் வைப்பாள் என்று போலீஸ் கோப்பில் இருந்தது. ஜெயபாரதி வீட்டின் வரைபடத்தை வாங்கித் திசையைப் பொருத்திப் பார்த்தாள். கூடத்திலிருந்து சமையலறை வாசலுக்கு நேர்க்கோடு.

அவர் தினமும் மனைவியின் முதுகுக்குக் குறிவைத்து நின்று, கைபேசியில் எண்ணைப் பார்த்து, தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். உடம்பு எப்போது அடங்குகிறது, எப்படி மூச்சுவிட்டால் எண் இறங்குகிறது என்று ஒவ்வொரு நாளும் பூட்டே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நடுவில் ஒருநாள், "தொடர்ந்து சிறந்த நிதானம்" என்று அலுவலகக் கணினி தானாகவே அவருக்குப் பாராட்டு அனுப்பி, உரிமத்தை மூன்று வருடத்துக்கு நீட்டித்தும் கொடுத்திருந்தது.

அந்த முதல் வியாழக்கிழமை எது என்று ஜெயபாரதி நாட்காட்டியைப் பார்க்கத் தேவையில்லை. அவள் கருங்கானலுக்குப் போனது ஒரு புதன்கிழமை.

அருள்தாஸ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஒருத்தர் தினமும் காலைல துப்பாக்கிய எடுத்துப் பார்த்தாரு. குரங்கு வருது, அதனால எடுத்தேன்னு சொல்லுவாரு. இதுல எங்கயும் குற்றம் இல்லையே?"

"அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து சொல்லிச்சு சார். அத நான் அவர்கிட்டப் போய்ச் சொன்னேன். அதுக்கு மறுநாள் காலையில ஆரம்பிச்சிருக்கு. இதையும் சேத்துச் சொன்னாத்தான் அந்த நாப்பத்து மூணு காலைக்கும் அர்த்தம் வரும்."

"எழுத்துல கொடுத்தீங்கன்னா முதல் கேள்வி உங்க மேலதான் வரும். புகார் வந்தும் பதிவு பண்ணல. புகார் கொடுத்தவங்களக் காட்டிக் கொடுத்தீங்க. அதோட இந்தப் பூட்டு மேலயும் வரும். ஆயிரக்கணக்கான துப்பாக்கியில இத மாட்டியிருக்கோம் ஜெயபாரதி."

"வரட்டும் சார்."

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். "எனக்கு உங்க மேல கோபம் இல்ல. இது இல்லாம என்ன பண்ணியிருப்போம்னு எனக்குத் தெரியல, அதான்" என்றார்.

அவள் எழுதிக் கொடுத்தாள். மூன்று பக்கம். மிளகுக் களத்தில் கஸ்தூரி பேசியது, ஜீப்பருகே தான் சிரித்துக்கொண்டே சொன்னது, இரண்டையும் சொல் மாறாமல் எழுதினாள்.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. பூரணலிங்கத்தின் வக்கீல் அந்தப் பதினான்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "இவ்வளவு அமைதியான மனசோட ஒருத்தர் கட்டின மனைவியைச் சுட முடியுமா? சொல்லுங்க, இந்தப் பூட்டை வடிவமைத்தவரே நீங்கதானே?" என்று கூண்டில் நின்ற ஜெயபாரதியைக் கேட்டார்.

"முடியும்" என்றாள். "அது எனக்கு அப்பத் தெரியாது."

அவளுடைய மூன்று பக்கம் வந்த பிறகுதான் கஸ்தூரியும் வாய் திறந்து சாட்சி சொன்னாள். பூரணலிங்கத்துக்கு ஒன்பது வருடம் கிடைத்தது. தீர்ப்பைக் கேட்டபோதும் அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கைக்குட்டையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு காவலர்களோடு நடந்தார்.

ஜெயபாரதியைப் பழைய கோப்புகளின் அறைக்கு மாற்றினார்கள். குழு கூடி, பூட்டில் புதிய விதி ஒன்றைச் சேர்த்தது: தொடர்ந்து ஒரே நேரத்தில் துப்பாக்கியை எடுப்பவர்களின் உரிமம் தானாகவே நிறுத்தப்படும். காட்டுமாடு வருகிற நேரத்துக்குத் தினமும் சாயங்காலம் காவலுக்குப் போகிற மலைக்காரர்கள் பாதிப் பேர் அதில் மாட்டிக்கொண்டார்கள். வானத்தை நோக்கிப் பிடித்தால் திறக்க வேண்டும் என்ற அவளுடைய யோசனையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. சுருளிவேல் தன் துப்பாக்கியைத் தாசில்தார் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, வாழையை அழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டாள். ஈஸ்வரியின் பங்குக்கும் சேர்த்து இப்போது எலுமிச்சை வைத்திருக்கிறாராம். அதைக் காட்டுமாடு தொடாது.

தீர்ப்பு நாளன்று மதியம், நீதிமன்ற வளாகத்துப் புங்கமரத்தடி பெஞ்சில் கஸ்தூரி தனியாக உட்கார்ந்திருந்தாள். இடது கை அசைவில்லாமல் மடியில் கிடந்தது. அவள் அண்ணன் கார் எடுத்துவரப் போயிருந்தார். மருத்துவமனையில் ஒருமுறை ஜெயபாரதி போய்ப் பார்த்தபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்; சாட்சி சொல்ல வந்த நாட்களிலும் அப்படித்தான். இன்று பேசிவிட வேண்டும் என்றுதான் ஜெயபாரதி வந்திருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு யோக்கியதை இல்லம்மா. நீங்க நம்பிச் சொன்னத நான் அவர்கிட்டப் போய்ச் சொன்னேன். அதச் சொல்லாம இருந்திருந்தா…"

கஸ்தூரி திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"அதையாங்க இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

ஜெயபாரதி தலையாட்டினாள்.

"நான் உங்ககிட்டப் பேசுனத அவரு ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நீங்க சொல்லலைன்னாலும் அவருக்குத் தெரியும்."

"பின்ன ஏம்மா என்னைப் பாத்தாலே முகத்தத் திருப்பிக்கிட்டீங்க?"

வளாகத்தில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு நாலு மணி பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்குப் போயிரலாம்னு துணியெல்லாம் எடுத்து வச்சிருந்தேங்க. நாய கெணத்துல போட்ட அன்னிலேர்ந்தே மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, போயிரு போயிருன்னு. ஆனா எப்படிங்க போறது? அடிக்கல, வையல, எதச் சொல்லிட்டுப் போறது? நாமதான் தப்பா நெனக்கிறமோன்னு இருந்துச்சு. அப்பத்தான் நீங்க வந்தீங்க. படிச்சவங்க, பூட்டச் செஞ்சவங்களே வந்திருக்காங்களே, ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்னு வந்தேன். லைசன்ஸ ரத்து பண்ணுவீங்கன்னுகூட நெனக்கல. போயிரும்மான்னு நீங்க சொன்னாப் போதும்னு இருந்துச்சு."

அசையாத கையை வலது கையால் எடுத்து, சரியாக வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவ கேட்டேன். நெசம்னீங்க. அப்படின்னா எம்மேலதான் தப்புன்னு நெனச்சேன். துணியெல்லாம் திருப்பி பீரோவுல அடுக்கி வச்சுட்டு, அவருக்குக் காபி போட்டுக் குடுத்தேன்."

வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கிக் கையசைத்தார். கஸ்தூரி எழுந்து, "வரேங்க மேடம்" என்றாள். வழக்கத்துக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

கார் போன பிறகும் ஜெயபாரதி அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்று மலையிலிருந்து இறங்கும்போது, மூன்றாவது வளைவில் ஒரு பஸ் எதிரே ஏறி வந்தது அவளுக்கு இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. பாதை குறுகல் என்பதால் ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தி வழி விட்டார்கள். கருங்கானல் என்று பலகை மாட்டிய பஸ். மேலே போய்த் திரும்பி நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ். உள்ளே கூட்டமே இல்லை. வரிசை வரிசையாக இருக்கைகள் காலியாகக் கிடந்தன.